மகளுக்கு எந்தப் பள்ளி? மகளையும் கேளுங்கள்!

பள்ளி விடுமுறையின்போது ஒரு நாள், செம்பனைத் தோட்டம் ஒன்றில் லயத்து வழியே நாம் போய்க்கொண்டிருந்தோம். அஞ்சடியில் நின்ற ஓர் அம்மையார் நம்மை அழைத்தார். உதிரிப் பழம் பொறுக்கிவிட்டு அப்போதுதான் காட்டிலிருந்து திரும்பியிருந்தார். கையில் இரண்டு தாள்கள் வைத்திருந்தார்.

"ஐயா, நீங்க பேப்பர்ல எழுதுறவங்கதானே? இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க. ரெண்டு நாளா வீட்டுல இதே சண்டைதான்" என்றார்.

வாங்கிப் பார்த்தோம். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்த அவருடைய மூத்த மகளுக்கு இரண்டு பள்ளிகளில் இடம் கிடைத்திருந்தது. ஒன்று, வேறு மாநிலத்தில் உள்ள பெண்கள் முழு விடுதிப் பள்ளி. மற்றது, பட்டணத்தில் உள்ள பெயர்பெற்ற பெண்கள் இடைநிலைப்பள்ளி. இரண்டுமே கேட்டவுடன் இடம் கொடுக்கும் பள்ளிகள் அல்ல. தோட்டத்துப் பிள்ளை ஒருத்திக்கு இரண்டிலும் இடம் கிடைத்தது பெருமைப்பட வேண்டிய செய்தி. ஆனால் அந்த வீட்டில் மகிழ்ச்சியைக் காணோம்.

"பெரிய பிள்ளையாகப் போறவள அவ்வளவு தூரம் எப்படிங்க தனியா விடுறது? பட்டணத்துப் பள்ளிக்கூடமே போதும்" என்றார் தந்தை.

"பக்கத்துல இருந்தா படிக்க விடுவீங்களா?" என்று கேட்டார் தாய். "நான் வேலைக்குப் போயிட்டா சின்னவன யாரு பார்க்கிறது, சோறு யாரு வடிக்கிறதுன்னு வாரத்துல ரெண்டு நாளு நிறுத்திப்புடுவீங்க. என்னையும் அப்படித்தானே நிறுத்தினாங்க?"

தந்தை பதில் பேசவில்லை.

வாசகர்களே, இந்தச் சண்டை அந்த ஒரு வீட்டுச் சண்டை அல்ல. பினாங்கில் செயின்ட் ஜார்ஜ் பெண்கள் பள்ளி 1885-இல் தொடங்கப்பட்டது. கோலாலம்பூரில் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி 1896-இலும் புக்கிட் நானாஸ் கான்வென்ட் 1899-இலும் தோன்றின. பட்டணத்துப் பெண்கள் மேல்படிப்புக்குப் போக நூறு ஆண்டுகளுக்கு முன்பே வழி இருந்தது. நமக்கு இருந்தது தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றுதான். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொல்லியது. அந்தப் பள்ளியை முடித்த நம் பெண்களில் எத்தனையோ பேர் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டோடு நின்றார்கள். பிறகு தாயோடு பால்மரக் காட்டுக்குப் போனார்கள். 'எந்தப் பள்ளி?' என்று கேட்கும் நிலைக்கு இன்று நாம் வந்திருக்கிறோம். கேட்பதைச் சரியாகக் கேட்போம்.

முதலில் விடுதிப் பள்ளியைப் பார்ப்போம். பண்டார் என்ஸ்டெக்கில் உள்ள துங்கு குர்ஷியா கல்லூரி, சைபர்ஜெயாவில் உள்ள ஸ்ரீ புத்ரி பள்ளி, ஜொகூர் பாருவில் உள்ள துன் பாத்திமா பள்ளி ஆகியவை பெண்களுக்கான முழு விடுதிப் பள்ளிகள். துங்கு குர்ஷியா 1947-இல் மலாய்ப் பெண்கள் கல்லூரியாகத் தொடங்கப்பட்டது. முன்பு இத்தகைய பள்ளிகளுக்கு யு.பி.எஸ்.ஆர். தேர்ச்சியைப் பார்த்தார்கள். அந்தச் சோதனை 2021-இல் எடுக்கப்பட்டுவிட்டது. இப்போது ஆறாம் ஆண்டிலேயே இணையம் வழி விண்ணப்பித்து, பி.கே.எஸ்.கே. என்னும் நுழைவு மதிப்பீட்டை எழுத வேண்டும். நாள் தவறினால் வாய்ப்பும் போய்விடும். ஆகையால் ஆண்டுத் தொடக்கத்திலேயே தலைமையாசிரியரைப் பார்த்துக் கேட்டுவிடுங்கள்.

விடுதியில் இரவுப் படிப்புக்கு நேரம் ஒதுக்கியிருப்பார்கள். பஸ்ஸுக்கு ஓட வேண்டாம். அடுப்படி வேலையும் கூப்பிடாது. ஆனால் அங்கே மலாய்ப் பிள்ளைகளே பெரும்பான்மை. நம் பிள்ளைகள் மிகச் சிலர்தான். தமிழ் வகுப்பு இருக்கும் என்று சொல்ல முடியாது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் வீட்டைப் பிரிந்து இருப்பதும் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒத்துவராது.

பட்டணத்துப் பள்ளியில் படித்தால் பிள்ளை அந்தியில் வீடு திரும்பும். ஆனால் பள்ளியின் பெயரை மட்டும் கேட்டுச் சேர்த்துவிடாதீர்கள். விடுதியானாலும் பட்டணமானாலும், சேர்க்கும் முன்பு நேரில் போய் இந்த விவரங்களைக் கேளுங்கள்.

ஒன்று, தமிழ். குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தேசிய இடைநிலைப்பள்ளியில் தமிழ் கற்பிக்க வசதி செய்ய வேண்டும் என்று 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் கூறுகிறது. எஸ்.பி.எம். தேர்வில் தமிழ்மொழியும் எழுதலாம், தமிழ் இலக்கியமும் எழுதலாம். ஆனால் சில பள்ளிகளில் தமிழ் வகுப்பு, பள்ளி முடிந்த பிறகுதான் நடக்கும். அதற்குள் தோட்டத்துப் பஸ் புறப்பட்டுவிட்டால் பிள்ளை தமிழை விட்டுவிட்டு பஸ்ஸில் ஏறிவிடும். ஆகவே 'தமிழ் இருக்கிறதா?' என்பதோடு 'எந்த நேரத்தில்?' என்றும் கேளுங்கள்.

இரண்டு, மலாய். தமிழ்ப்பள்ளியில் மலாய் போதாத பிள்ளை ஓராண்டு புகுமுக வகுப்பில் இருக்க வேண்டி வரும். எஸ்.பி.எம். சான்றிதழுக்கு மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி கட்டாயம். மலாயில் பின்தங்கிய பிள்ளைகளுக்குப் பள்ளியில் தனி உதவி உண்டா என்று கேளுங்கள்.

மூன்று, நான்காம் படிவம். மகள் தாதியாகவோ மருத்துவராகவோ பொறியியலாளராகவோ வர ஆசைப்பட்டால் வேதியியல், உயிரியல், பௌதிகம், கூடுதல் கணிதம் ஆகிய பாடங்களில் தேவையானவை அங்கே இருக்க வேண்டும். முதல் மூன்று ஆண்டுகள் படித்த பிறகு இதைக் கேட்டுப் பயனில்லை.

நான்கு, போக்குவரத்து. லயத்திலிருந்து பெரிய சாலைக்கு எவ்வளவு தூரம்? இருட்டோடு புறப்படும் பிள்ளையை யார் கொண்டுபோய் விடுவது? மழை நாளில் செம்மண் பாதை எப்படி இருக்கும்? விடுதியென்றால், விடுமுறைக்கு அழைத்துவர யார் போவது? வார்டனோடு பேசத் தொலைபேசி எண் கொடுப்பார்களா? மாதவிலக்கு நாளில் உதவி கேட்க அங்கே யார் இருக்கிறார்கள்?

ஐந்து, செலவு. 2025-இல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி ஆயிற்று. அதில் பஸ் கட்டணமும் சீருடையும் எவ்வளவு எடுக்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போடுங்கள். பாடநூல்கள் இரவலாகக் கிடைக்கின்றன. மற்ற உதவிகளைப் பற்றிப் பள்ளி அலுவலகத்தில் கேட்பதில் வெட்கம் எதற்கு?

இவற்றையெல்லாம் அந்தப் பெற்றோரிடம் சொல்லி முடித்தோம். அதுவரை கதவோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்த பிள்ளையைப் பார்த்து, "நீ என்னம்மா சொல்ற?" என்று கேட்டோம். இரண்டு நாள் சண்டையில் அவளை யாரும் கேட்கவில்லை போலும்! தாயின் முகத்தைப் பார்த்தாள், தந்தையின் முகத்தைப் பார்த்தாள்.

"பட்டணத்துப் பள்ளிக்கூடத்துல தமிழ் இருக்குன்னு டீச்சர் சொன்னாங்க. சாயங்காலம் என்னைப் படிக்க விடுவீங்கன்னா அங்கேயே போறேன்பா. விட மாட்டீங்கன்னா விடுதிக்குப் போறேன்."

தந்தை சிறிது நேரம் தலை குனிந்து நின்றார். பிறகு, "சின்னவன ஆத்தா பார்த்துக்குவாங்க. பெரட்டுக்குப் போறதுக்கு முன்னால பெரிய ரோட்டு வரைக்கும் நானே மோட்டார்ல கொண்டுபோய் விடுறேன்" என்றார்.

"ஐயா முன்னால சொல்லியிருக்கீங்க, மறந்துடாதீங்க" என்றார் தாய். அவர் முகத்தில் அப்போதுதான் சிரிப்பைக் கண்டோம்.

அந்த வீட்டுக்குப் பட்டணத்துப் பள்ளி பொருத்தமாயிற்று. பகலில் பார்த்துக்கொள்ள ஆளில்லாத வீட்டுக்கும், குடித்துவிட்டு வந்து விளக்கை அணைக்கச் சொல்லும் தந்தை உள்ள வீட்டுக்கும் விடுதியே நல்லது என்போம். இரண்டில் எது உயர்ந்த பள்ளி என்பது கேள்வி அல்ல. உங்கள் மகள் ஐந்தாம் படிவம் வரை இடையில் நிற்காமல் எங்கே படிப்பாள் என்பதே கேள்வி.

பெற்றோரே, பள்ளியைத் தேர்ந்தெடுப்பதோடு நம் வேலை முடியவில்லை. அந்தியில் இரண்டு மணி நேரம், ஒரு மேசை, ஒரு விளக்கு, 'போய்ப் படிம்மா' என்று ஒரு சொல். இவற்றை எந்தப் பள்ளியும் கொடுக்காது. நாம்தான் கொடுக்க வேண்டும். உங்கள் வீட்டில் ஆறாம் ஆண்டு படிக்கும் மகள் இருந்தால், இன்றிரவு அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள்.