கீறல் விழுந்த கிடாருக்கே கிராக்கி!

உங்களுக்கு ஒரு சின்னப் போட்டி!

இரண்டு பழைய பேஸ் கிடார்கள் விற்பனைக்கு வந்திருக்கின்றன. இரண்டும் 60 ஆண்டுகளுக்கு முன், ஒரே தொழிற்சாலையில் செய்யப்பட்டவை. ஒன்று, புது பெயின்ட் அடித்துப் பளபளவென மின்னுகிறது. மற்றொன்றில் பெயின்ட் உதிர்ந்து, உடம்பெல்லாம் கீறல். எதற்கு விலை அதிகம்?

பளபள கிடார் என்றுதானே சொன்னீர்கள்? அதுதான் இல்லை! ஏன் என்று பார்ப்போமா?

தும்... தும்... கிடார்!

சாதாரண கிடாருக்கு ஆறு கம்பிகள். பேஸ் கிடாருக்குப் பெரும்பாலும் நான்குதான். ஆனால், தடிமனாகவும் நீளமாகவும் இருக்கும். அதனால்தான், 'தும்... தும்...' என்று கனமான ஒலி வருகிறது. முன்பெல்லாம் இந்த ஒலிக்காக, ஆள் உயரமுள்ள 'டபுள் பேஸ்' வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில், ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவர் லியோ ஃபெண்டர். அவரது நிறுவனம், 1951ல் 'பிரிசிஷன் பேஸ்' என்ற மின்சார கிடாரை விற்பனைக்குக் கொண்டு வந்தது. தோளில் மாட்டிக்கொண்டு வாசிக்கலாம். வீணையில் இருப்பது போல் மெட்டுகள் இருந்ததால், சுருதி துல்லியமாக வந்தது. 'பிரிசிஷன்' என்றாலே துல்லியம்தானே!

1965ல் இந்த நிறுவனம், சி.பி.எஸ்., என்ற பெரிய நிறுவனத்தின் கைக்குப் போனது. அதற்கு முன் செய்த கிடார்களுக்குத்தான், சேகரிப்பாளர்களிடம் மவுசு அதிகம். எனவே, 'எந்த ஆண்டு செய்தது?' என்பதுதான் முதல் கேள்வி.

துப்பறியும் வேலை!

வயதைக் கண்டுபிடிக்க, வரிசை எண் மட்டும் போதாது. கழுத்துப் பகுதியைக் கழற்றினால், பல ஃபெண்டர் கிடார்களில், அடிப்பக்கம் தேதி எழுதியோ, முத்திரை குத்தியோ இருக்கும். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்களுக்குக் கீழே உள்ள பாகத்திலும் ஒரு ரகசிய எண் உண்டு. உதாரணமாக, 1376422 என்று இருந்தால், 137 என்பது அந்தப் பாகத்தைச் செய்த நிறுவனம். 64 என்பது 1964ம் ஆண்டு. 22 என்பது, அந்த ஆண்டின் 22வது வாரம்!

'இது 1962ல் செய்த கிடார்' என்று விற்பவர் சொல்கிறார். உள்ளே 1964ம் ஆண்டுப் பாகம் இருக்கிறது. அப்படியானால்? ஒன்று, அவர் சொல்வது தவறு. இல்லாவிட்டால், பாகத்தைப் பின்னால் மாற்றியிருக்கிறார்கள். எப்படியிருந்தாலும் விலை இறங்கிவிடும்!

புது பெயின்ட் விஷயமும் இதுதான். பழைய பெயின்ட்டைச் சுரண்டி எடுத்தால், அது தொழிற்சாலையில் அடித்ததுதான் என்ற சாட்சியும் போய்விடும். விலை பாதியாகக்கூடக் குறையலாம். கீறல் விழுந்த கிடாரோ, பிறந்தபடியே இருக்கிறது!

பரணில் கிடைத்த புதையல்!

யார் வாசித்தது என்பதைப் பொறுத்தும் விலை மாறும். 'பீட்டில்ஸ்' இசைக்குழுவின் பால் மெக்கார்ட்னி, 1961ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், சுமார் 30 பவுண்டுக்கு ஒரு பேஸ் வாங்கினார். வயலின் வடிவிலான ஹாஃப்னர் பேஸ் அது. 1972ல், லண்டனில் நிறுத்தியிருந்த வேனில் இருந்து அது திருட்டுப் போனது.

பல ஆண்டுகளுக்குப் பின், இங்கிலாந்தில் ஒரு வீட்டுப் பரணில் பழைய பேஸ் ஒன்று கிடைத்தது. அதுதான் இது என்று எப்படி நம்புவது? 1964ல் மெக்கார்ட்னியின் கிடாருக்குப் புது வண்ணம் அடித்து, ஒலியை வாங்கும் இரு 'பிக்கப்'களையும் ஒரே சட்டத்தில் பொருத்தியிருந்தனர். மற்ற கிடார்களில் விலையைக் குறைக்கும் மாற்றம், இங்கே அடையாளமானது! ஹாஃப்னர் நிறுவனமும் சோதித்து உறுதி செய்தது. கிடார் திரும்பக் கிடைத்த செய்தி, 2024 பிப்ரவரியில் வெளியானது. அதே டிசம்பரில், லண்டன் மேடையில் அதை மீண்டும் வாசித்தார் மெக்கார்ட்னி.

பரணில் வைத்திருந்தவர்கள் அதை உரியவரிடமே சேர்த்தனர். எவ்வளவு பெறும் என்பதற்கு முன், யாருடையது என்று கேட்க வேண்டும் அல்லவா?

குட்டீஸ்... உங்கள் வீட்டில் பழைய வாத்தியமோ, கடிகாரமோ இருந்தால், சுரண்டவோ பெயின்ட் அடிக்கவோ அவசரப்படாதீர்கள். திருகையும் கழற்றாதீர்கள். 'இது யாருடையது, எப்போது வாங்கியது?' என்று தாத்தா, பாட்டியிடம் கேட்டு, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ரசீதோ, பழைய போட்டோவோ இருந்தால் பத்திரப்படுத்துங்கள். கதை எல்லாரும் சொல்லலாம். சாட்சி இருந்தால்தான் மதிப்பு!