கொசு வயிற்றில் கிடைத்த கறுப்புத் துகள்

செகந்திராபாத்தை ஒட்டிய பேகம்பேட்டையில், பழைய விமான நிலையம் அருகே அந்தக் கட்டடம் இன்னும் நிற்கிறது. 1897 ஆகஸ்ட் 20 அன்று ராணுவ டாக்டர் ரொனால்டு ராஸ் இங்கேதான் ஒரு கொசுவின் வயிற்றைப் பிரித்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். உசேன் கான் என்ற மலேரியா நோயாளியைக் கடித்து நான்கு நாளான கொசு. (கடித்த கொசு ஒன்றுக்கு ஓரணா கானுக்குக் கூலி.) வயிற்றுச் சுவரில் வட்டமாக ஒரு செல், அதற்குள் கறுப்புத் துகள்கள். மலேரியா நோயாளிகளின் ரத்தத்தில் அவர் பார்த்துப் பழகிய அதே துகள்கள்! 1902-ல் நோபல் பரிசு கிடைத்தது.

அவருக்கு வழிகாட்டிய அந்தத் துகள், மனித உடம்பின் துப்புரவுத் தொழிலாளிக்குத் தீராத தலைவலி.

சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். விநாடிக்கு 20 லட்சத்துக்கு மேல் காலாவதியாகின்றன. மண்ணீரலிலும் கல்லீரலிலும் காத்திருக்கும் மேக்ரோஃபேஜ் என்ற செல்கள் அவற்றை விழுங்கி, இரும்பைப் பிரித்து மறுபடி உபயோகத்துக்கு அனுப்புகின்றன. பழைய இரும்பு வியாபாரம் மாதிரிதான்.

சாகும் செல்லை அடையாளம் காண்பது எப்படி? உறையின் உட்பக்கம் இருக்க வேண்டிய ஒரு கொழுப்பு வெளிப்பக்கம் திரும்பிவிடும். மேக்ரோஃபேஜுக்கு அதுதான் அழைப்பு. விழுங்கியதும் அழற்சியை அடக்கும் ரசாயனங்களைச் சுரக்கிறது. வீக்கமில்லை, காய்ச்சலில்லை, சாவு நடந்ததே வெளியே தெரியாது. அகற்றத் தவறினால் செல் வெடித்துச் சிதறும், சுற்றிலும் அழற்சி பற்றிக்கொள்ளும்.

மலேரியா இந்த அமைதியைத்தான் கெடுக்கிறது. சிவப்பணுவுக்குள் புகுந்த கிருமி ஹீமோகுளோபினைத் தின்று, மிச்சத்தைக் கறுப்புப் படிகமாக ஒதுக்குகிறது. விவாக்ஸ் கிருமி என்றால் 48 மணி நேரத்துக்கு ஒருமுறை அணுக்கள் கூட்டமாக வெடிக்கின்றன. நம் பாட்டிமார் முறைக்காய்ச்சல் என்றது இதைத்தான். சிதறியதை மேக்ரோஃபேஜ் விழுங்குகிறது. ஆனால் படிகத்தைச் செரிக்க முடிவதில்லை. படிகம் அடைத்த செல் அடுத்ததை விழுங்கத் திணறுகிறது. வேலை குவிந்து மண்ணீரல் வீங்குகிறது. பிரிட்டிஷ் காலத்தில் ஓர் ஊரில் எவ்வளவு மலேரியா என்று அறிய, குழந்தைகளின் வயிற்றைத் தொட்டு மண்ணீரலைத்தான் பார்த்தார்கள்.

ஃபால்சிபாரம் கிருமி மகா தந்திரசாலி. அது புகுந்த அணு மண்ணீரல் பக்கமே போகாமல் நுண்ணிய ரத்தக் குழாய்ச் சுவர்களில் ஒட்டிக்கொள்கிறது. மூளையில் ஒட்டினால் உயிருக்கே ஆபத்து.

கடுமையான மலேரியாவுக்கு இப்போது ஆர்ட்டிசுனேட் ஊசி போடுகிறார்கள். மருந்தில் கிருமி செத்ததும் மண்ணீரல் ஒரு சாகசம் செய்கிறது: சிவப்பணுவை உடைக்காமல், செத்த கிருமியை மட்டும் உருவிவிட்டு அணுவை ரத்தத்துக்கே திருப்பி அனுப்புகிறது. ஆனால் அப்படித் தப்பிய அணுக்களுக்கு ஆயுள் குறைவு. ஓரிரு வாரம் கழித்து அவை மொத்தமாக உடைந்து, சிலருக்குக் கடும் ரத்தசோகை வருகிறது. காய்ச்சல் விட்டுவிட்டதே என்று வீட்டுக்குப் போனவரையும், நான்கு வாரம் வரை ரத்தப் பரிசோதனைக்கு டாக்டர்கள் திரும்ப அழைப்பது இதனால்தான்.