கல் மாதிரி தெரியும், ஆனா கல் இல்லை

இங்கிலாந்து கிராமத்துக் கல் மாளிகைகளைப் படத்துல பார்த்திருப்பீங்க. அந்தத் தோரணையில ஒண்ணு நம்ம தேனாம்பேட்டைக்குப் பக்கத்துலயே, அடையாறு ஆற்றங்கரையில இருக்கு: பிராடி கேசில். கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர் ஜேம்ஸ் பிராடி 1790-களில் கட்டியது. பிற்பாடு அரசு இசைக் கல்லூரி ஆனது.

முகப்புல கோட்டை மாதிரி கோபுரங்கள். ஆனா அந்தக் காலத்து மெட்ராஸ் தோட்ட வீடுகள் பெரும்பாலும் செங்கல்தான். கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பைப் பல தடவை பூசி, வழவழப்பான கல்லால தேய்ப்பாங்க. சுவர் பளிங்கு மாதிரி மின்னும். மேல மெட்ராஸ் டெரஸ்: தேக்கு உத்தரம், அதுமேல சாய்வா நிறுத்தின சின்னச் செங்கல், சுண்ணாம்புக் கலவை.

இதுல முக்கியமான விஷயம், சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விட்டுடும். விரிசலை அடைக்க அதுமேல சிமெண்ட் பூசினா, ஈரம் உள்ளேயே மாட்டிக்கும். உப்பு பூத்து செங்கல் பொரியும். பழைய சிஸ்டத்துக்குப் பொருந்தாத பேட்ச் போட்ட கதைதான்.

மயிலாப்பூர்ல தாத்தா கட்டின வீடு இருக்கா? கொத்தனார் சிமெண்ட் மூட்டையைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி, சுவர் சுண்ணாம்பான்னு ஒரு தடவை பார்த்துடுங்க.