நான்கு அங்குலம்

கோயம்புத்தூரில் நெடுங்காலம் மோட்டார்ப் பட்டறை நடத்தி ஓய்வு பெற்ற ஒரு வாசகர் எனக்கு எழுதியிருக்கும் நீண்ட கடிதத்தில், 2025-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 4-ஆம் தேதி அமெரிக்காவில் காலமான ஜீன் வின்ஃபீல்ட் என்னும் 97 வயது முதியவருக்காகக் கார் அபிமானிகள் அவ்வளவு துக்கம் கொண்டாடியது ஏன் என்று கேட்டிருக்கிறார். நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருக்கும் காரின் கூரையை ரம்பத்தால் அறுத்துத் தாழ்த்துவதுதான் அவருடைய கீர்த்திக்குக் காரணம் என்றால், அதை வித்தை என்பதா, விஷமம் என்பதா என்பது நண்பரின் சந்தேகம். கண்ணாடிகளை என்ன செய்தார்கள் என்றும் ஒரு துணைக் கேள்வி போட்டிருக்கிறார். தகரத்தோடு வாழ்ந்த ஒருவரே இப்படிக் கேட்கும்போது, அந்தக் கூரை விவகாரத்தில் பல வருஷங்களாக மயங்கிக் கிடக்கும் நான் பதில் சொல்லாமல் தப்பிக்க இயலாது.

ஹாட் ராட் என்பது வேகத்துக்காகச் சுமை களைந்த பழைய கார், கஸ்டம் என்பது அழகுக்காக உரு மாற்றிய கார் என்ற பாகுபாடு வாசகர்களுக்குத் தெரிந்ததே. வின்ஃபீல்ட் இரண்டிலும் கை வைத்தவர் என்றாலும் அவருடைய பெயர் நிலைத்தது இரண்டாவதில். 1927-ஆம் ஆண்டு மிஸூரி மாநிலத்தில் பிறந்து, கலிஃபோர்னியாவின் மொடெஸ்டோ நகரில் வளர்ந்து, யுத்தம் முடிந்த கையோடு தாயார் வீட்டுக் கொல்லைப்புறத்தில் கோழிகள் அடைந்த கொட்டகையையே ஒழித்துப் பட்டறையாக்கிக்கொண்டவர் அவர். (இளைஞர்கள் இரவெல்லாம் காரில் ஊர் சுற்றுவதைப் பற்றி 1973-இல் வெளிவந்த ‘அமெரிக்கன் கிராஃபிட்டி’ திரைப்படத்துக்குக் களமான ஊரும் இந்த மொடெஸ்டோதான், அதன் இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் அந்த ஊர்க்காரர்.) கடைசிக் காலத்தில் மோஹாவி பாலைவனத்துப் பக்கம் குடிபெயர்ந்து, தொண்ணூறு வயதைக் கடந்த பிறகும் சுத்தியலைக் கீழே வைக்காமல் இருந்தார்.

சினிமாவும் தொலைக்காட்சியும் பார்ப்பவர்கள் அவர் பெயரை அறியாமலே அவர் கைவேலையைப் பார்த்திருக்கிறார்கள். ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரில் வரும் சிறு விண்கலத்தின் முழு அளவு மாதிரி அவருடைய குழு கட்டியது. ‘பிளேட் ரன்னர்’ படத்தில் பறக்கும் கார்களும் அவருடைய பட்டறையிலிருந்து போனவையே. ‘ரியாக்டர்’ என்று அவர் பெயரிட்ட அலுமினிய உடல் கொண்ட காரில், பிரான்ஸ் தேசத்து சிட்ரோயன் வண்டியின் எண்ணெய் அழுத்தத்தால் எழும்பித் தாழும் அடிப்பகுதியும் அமெரிக்கக் கார்வேர் வண்டியின் இயந்திரமும் கூடிக் குடித்தனம் செய்தன. 1956-ஆம் வருஷத்து மெர்குரி ஒன்றை அடையாளம் தெரியாமல் மாற்றி ‘ஜேட் ஐடல்’ என்று பெயர் சூட்டி, ஒரு பச்சை எங்கே முடிந்து மற்றொரு பச்சை எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாதபடி வர்ணம் தெளித்தாரே, அந்த முறைக்கு இன்றும் அவர் பெயரையே சொல்கிறார்கள். இவ்வளவும் பிரமாதமான காரியங்கள்தாம். ஆனால் அவர் மறைந்தபோது எழுதப்பட்ட அஞ்சலிகளை வாசித்துக்கொண்டு போனால், கார்களைப் பற்றிய பேச்சைவிட, அவர் பக்கத்தில் நின்று வேலை கற்றதைப் பற்றிய பேச்சே என் மனத்தில் தங்குகிறது. தேசம் தேசமாகப் போய், கண்காட்சிக் கொட்டகையில் ஜனங்கள் சூழ்ந்து நிற்க, ஒரு காரின் கூரையை அறுத்து, தாழ்த்தி, திரும்பவும் ஒட்டிக் காட்டுவது அவருடைய வழக்கம். உலோகத்தை எப்படித் தட்டுவது, எங்கே நிறுத்துவது என்று வகுப்புகளும் நடத்தினார். தொழில் ரகசியத்தை மகனுக்குக்கூடச் சொல்லாமல் மடியும் மகானுபாவர்கள் மலிந்த உலகத்தில், இப்படி வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்தவர் போனால் ஜனங்களுக்குத் துக்கம் வருவதில் என்ன ஆச்சரியம் இருக்கிறது?

இனிக் கூரைக்கு வருவோம்.

யுத்தத்துக்குப் பிந்திய முதல் புது வடிவமாக 1949-ஆம் வருஷத்து மாடலாக வெளிவந்து 1951 வரையில் விற்ற மெர்குரி கார்தான் இந்தக் கலையின் முதன்மையான பாத்திரம். உடல் உருண்டு திரண்டு, கொழுத்த தோள்களுடன் கம்பீரமாக இருக்கும். அதன்மேல் உட்கார்ந்திருந்த கூரை மட்டும் தொப்பி அணிந்து காரோட்டுபவர்களை உத்தேசித்துச் செய்தாற்போல உயரமாக எழும்பி நின்றது. லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் ஜார்ஜ் பாரிஸ், சாம் பாரிஸ் என்னும் சகோதரர்கள் நடத்திய பட்டறையில், சாம் என்பவர் ஏறத்தாழப் புதிதான மெர்குரியின் கூரையை அறுத்துத் தாழ்த்திக் காட்டியபோது, நாலைந்து அங்குலம் குறைந்த மாத்திரத்தில் வண்டி முழுவதும் நீண்டு, படிந்து, பதுங்கிப் பாயப் போவதுபோல் மாறிவிட்டதைக் கண்ட இளைஞர்கள் சும்மா இருக்கவில்லை. வின்ஃபீல்டும் அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவரே.

நான்கு அங்குலம் குறைப்பது என்றால் தூண்களில் நான்கு அங்குலத் துண்டை அறுத்து எறிந்துவிட்டு மேலே இருப்பதைக் கீழே இறக்கி ஒட்டுவதுதானே என்று தோன்றும். கோளாறு அங்கேதான் இருக்கிறது. என் சிறுவயதில் எங்கள் வீட்டில் கால்கள் வெளிப்புறமாக விரிந்த மர ஸ்டூல் ஒன்று இருந்தது. பாட்டிக்கு உயரம் அதிகம் என்று தச்சர் வந்து கால்களின் அடியில் இரண்டு விரற்கடை அறுத்துக் கொடுத்துவிட்டுப் போனார், வேலை கால் மணியில் முடிந்தது. அதே இரண்டு விரற்கடையைக் காலின் நடுவில் அறுத்து எடுத்துவிட்டு, மேல்பாதியைக் கீழ்பாதியின்மேல் வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்: மேல்கட்டைகள் உள்ளே நெருங்கியும் கீழ்க்கட்டைகள் வெளியே விலகியும் நின்று, ஒன்றின்மேல் ஒன்று உட்காரவே மாட்டா. காரின் தூண்களுக்கு அடி என்பது உடலோடு ஒன்றிப்போன பகுதியாகையால், அந்தத் தச்சருக்குக் கிடைத்த சுலபமான வழி இங்கே இல்லை. நடுவில்தான் அறுத்தாக வேண்டும். முன்தூண்கள் மேலே போகப் போகப் பின்னால் சாய்கின்றன, பின்தூண்கள் முன்னால் சாய்கின்றன, பக்கங்கள் இரண்டும் உள்நோக்கிக் குவிகின்றன. ஆகவே இறக்கிய கூரை நீளத்திலும் குறைந்து அகலத்திலும் குறைந்து, தன் வீட்டுக்கே பொருந்தாத மூடியாக நிற்கும்.

இதற்குப் பரிகாரம் ஒன்றல்ல. கூரையைக் குறுக்கே அறுத்து நடுவில் ஒரு பட்டைத் தகடு சேர்த்து நீட்டலாம். நீளத்திலும் அகலத்திலும் அறுத்து நான்கு மூலைகளாக்கி ஒவ்வொன்றையும் அதனதன் தூணின்மேல் நிறுத்தி இடைவெளியை நிரப்பலாம். அல்லது கூரையை முன்தூண்களோடு பொருத்திவிட்டு, குறையை எல்லாம் பின்புறத்துக்குத் தள்ளி அங்கே புதிதாகத் தகடு வளைத்து அடைக்கலாம். மெர்குரியில் முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தை இன்னும் சற்று அதிகமாக இறக்கினால்தான் கூரையின் கோடு வழிந்தோடிப் பின்பெட்டியில் கலக்கும் என்பதும் அனுபவத்தில் கண்ட சூட்சுமம். நடுத்தூண் நேராக நின்றால் தாழ்ந்த ஜன்னல் விகாரமாகத் தெரிகிறது என்று அதை முன்னால் சாய்த்தவர்களும், அந்தத் தூணே வேண்டாம் என்று எடுத்து எறிந்தவர்களும் உண்டு. இத்தனைக்கும் முந்திய காரியம், அறுப்பதற்கு முன்பே வண்டியின் உட்புறத்தில் இரும்புக் குழாய்களைக் குறுக்கும் நெடுக்கும் வைத்துப் பற்றவைத்துக்கொள்வது. கூரை கழன்றவுடன் உடல் இறுக்கம் தளர்ந்து ஒரு நூல் விலகினாலும் கதவுகள் பிறகு ஒருநாளும் சரியாக மூடா. கதவுகளின் மேல்சட்டங்களையும் இதே கணக்கில் தனியாக அறுத்துத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

அறுவையைவிட ஒட்டுவேலை கடினம். அந்தக் காலத்துத் தகடு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனந்தான். அதில் ஓரிடத்தில் சூடு நின்றால் விரிந்து, ஆறும்போது சுருங்கி, கூரை முழுவதும் அலையலையாக நெளிந்துவிடும். ஆகவே ஓர் அங்குலம் பற்றவைப்பது, சூடு ஆறுமுன் அடியில் டாலி என்னும் இரும்புக் கட்டையைப் பிடித்துக்கொண்டு மேலே சுத்தியலால் தட்டிச் சுருங்கிய உலோகத்தை மீண்டும் பரப்புவது, பிறகு வேறோர் இடத்துக்குப் போவது என்று மாறி மாறிச் செய்ய வேண்டும். கண்ணுக்குச் சமமாகத் தெரிவதை நம்பாமல், கண்ணை மூடி உள்ளங்கையால் தடவிப் பார்க்கும் வழக்கம் நம்மூர் டிங்கர்களிடமும் உண்டு என்பதைக் கடிதம் எழுதிய நண்பருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியில் மிஞ்சும் மேடுபள்ளத்துக்கு அன்று ஈயம் பூசினார்கள். நூற்றுக்கு எழுபது பங்கு ஈயமும் முப்பது பங்கு வெள்ளீயமும் கலந்த குச்சி அது. சுமார் 183 டிகிரி சூட்டில் இளகத் தொடங்கி, இன்னும் எழுபது எண்பது டிகிரி ஏறிய பிறகே முழுத் திரவமாகி வழிகிறது. இடைப்பட்ட அந்தச் சூட்டில் கட்டியாகவும் இல்லாமல் நீராகவும் இல்லாமல் குழைவாக நிற்கும். சுத்தம் செய்து வெள்ளீயப் பூச்சுக் கொடுத்த தகட்டின்மேல் அந்தக் குழைவை, தேன்மெழுகு தடவிய மரத்தட்டையால் இழுத்துப் பரப்ப வேண்டும். மெழுகு இல்லாவிட்டால் ஈயம் கட்டையில் அப்பிக்கொண்டு வந்துவிடும். சுவாலையை ஒரு கணம் கூடுதலாகக் காட்டினால் பூசியதெல்லாம் தரையில் சொட்டும், ஒரு கணம் குறைத்தால் திரிதிரியாக உதிரும். ஆறிய பிறகு அரத்தால்தான் சீவ வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் எழும்பும் தூசி நுரையீரலுக்குள் போகும் விஷம். இந்தப் பூச்சின் கனத்தால்தான் அத்தகைய கார்களை ஈயச் சறுக்குவண்டிகள் என்று பரிகாசமாக அழைத்தார்கள்.

பின்னால் பிளாஸ்டிக் பட்டி வந்தது. அதை நான் நிந்திக்கவில்லை. தகட்டைத் தட்டி ஏறத்தாழச் சமன் செய்துவிட்டு, மெல்லிய பூச்சாகப் பிரயோகித்தால் அது உத்தமமான பொருள், விஷமும் குறைவு. ஆனால் தட்டும் சிரமத்துக்குப் பதிலாக விரற்கனத்துக்கு அப்பிவிட்டு மேலே பளபளவென்று வர்ணம் அடித்துக் கொடுக்கும் சாமர்த்தியம் எல்லா தேசங்களிலும் பரவிவிட்டது. என்னுடைய பழைய காரின் கதவில் விழுந்த ஒடுக்கை ஒரு பட்டறையில் அவ்விதமாகவே ‘சரி’ செய்து கொடுத்தார்கள். அடுத்த மழைக்காலத்தில் வர்ணம் கொப்பளித்து, பட்டி பாளமாகக் கழன்று விழுந்தபோது, உள்ளே இருந்த ஒடுக்கு அன்று விழுந்த கோலத்திலேயே இருந்தது. வேலைக்காரரை மாத்திரம் குறை சொல்லவும் மனம் வரவில்லை. நாளைக்கே வண்டி வேண்டும் என்று நிற்பவர்களும், ஒரு மணி நேரச் சுத்தியல் வேலைக்குக் கூலி கொடுக்க முகம் சுளிப்பவர்களும் நாம்தானே? சுத்தியல் பிடிக்கத் தெரிந்த மூத்த டிங்கர்களை, கூப்பிட்டு நாலு பையன்களுக்குக் கற்றுக் கொடுக்கச் சொல்லாமல், வயதானவுடன் வீட்டுத் திண்ணைக்கு அனுப்பிவிடுகிறோம்.

இன்னொரு விதமான அலட்சியமும் உண்டு, அது பணக்காரருடையது. பாரிஸ் பட்டறையில் கூரை தாழ்த்திய புகழ்பெற்ற ‘ஹிரோஹாட்டா’ மெர்குரி, 1959-இல் 500 டாலருக்குக் கைமாறிய வண்டி, 2022-இல் ஏறத்தாழ 20 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. கலைக்கு மதிப்பு வந்தது என்று சந்தோஷப்படலாம். ஆனால் அந்த விலை வந்த பிறகு எவன் அதைத் தெருவில் ஓட்டிப் பையன்களுக்குக் காட்டுவான்? குளிர்சாதன அறையில் முதலீட்டுப் பத்திரத்தோடு பத்திரமாகப் படுத்திருக்க வேண்டியதுதான்.

விஷமம் என்ற நண்பரின் சொல்லுக்கு நியாயமான இடம் ஒன்று இருக்கிறது. கூரைத் தூண்கள் அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல. வண்டி புரண்டால் உள்ளே இருப்பவர்களின் தலையைக் காப்பவை அவையே. இக்காலத்துக் கார்களில் அத்தூண்களுக்குள் கடினமான எஃகும் காற்றுப்பையும் மறைந்திருப்பதால், அறுத்துவிட்டால் அந்தப் பலத்தைப் பட்டறையில் திரும்பக் கொடுக்க இயலாது. நம் நாட்டில் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரித்தவர் நிர்ணயித்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019-இல் அதை உறுதி செய்திருக்கிறது. எனவே இதைப் படித்துவிட்டு யாரும் ரம்பத்தைத் தேட வேண்டாம். அதற்காக, 1949-ஆம் வருஷத்து மெர்குரியில் அந்த வேலையைச் செய்தவரை விஷமி என்று சொல்ல நான் உடன்படமாட்டேன். உடைப்பவன் கைவிட்டுப் போய்விடுவான். இவர் அறுத்த ஒவ்வோர் அங்குலத்துக்கும் நாட்கணக்கில் உட்கார்ந்து பதில் சொல்லியிருக்கிறார்.

கண்ணாடி விஷயம் பாக்கி இருக்கிறது. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் ஏட்டை வைத்து ஒட்டிய முன்கண்ணாடியை, இருபுறமும் கீறி, நடு ஏட்டைத் தனியாக அறுத்து, பொறுமையிருந்தால் வேண்டிய அளவுக்குக் குறைத்துவிடலாம். வளைந்த கண்ணாடியானால் பாதி வேலையில் விரிசல் ஓடி, வேறொன்று வாங்க நேர்வதும் சகஜம். சூட்டில் பதமேற்றிய கண்ணாடியை மாத்திரம் யாராலும் வெட்ட முடியாது, கீறல் ஆழ்ந்த கணத்தில் முழுவதும் பொடியாகிவிடும். அத்தகைய பின்கண்ணாடி உள்ள வண்டிகளில், கண்ணாடியைச் சுற்றியுள்ள தகட்டைச் சட்டத்தோடு தனியாக அறுத்து எடுத்து, முழுக் கண்ணாடியையும் அப்படியே முன்னோக்கிப் படுக்கவைத்து ஒட்டிவிடுகிறார்கள். படத்தில் கூரை தாழ்த்திய காரைப் பார்க்கும்போது, பின்கண்ணாடி வழக்கத்துக்கு மேல் படுத்திருப்பதை நண்பர் கவனிக்கலாம். அது அழகுக்காகச் செய்ததைப் போலத் தோன்றினாலும், வெட்ட முடியாத கண்ணாடி கொடுத்த நிர்ப்பந்தம் அதில் பாதி.