நடந்தும் எடை குறையலையா? நடையை விட்டுடாதீங்க! 40 வயது தாண்டிய பெண்கள் கவனத்துக்கு...

கருங்கல்:

குமரி மாவட்டம் கருங்கல் சுற்றுவட்டாரத்தில் விடிகாலையில் ரோட்டோரம் நடக்கும் பெண்களை பார்ப்பது இப்போது சாதாரணம். ஆனால் ஆர்வமாக தொடங்கும் பலர் இரண்டே மாதத்தில் நின்று விடுகிறார்கள். "நடந்து என்ன பிரயோஜனம், ஒரு கிலோ கூட குறையல" என்பதுதான் காரணம். அங்கேதான் தப்பு நடக்கிறது.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 40 பேர் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள் என்கிறது 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு. 2015-16 ஆய்வில் இது 31 பேர்தான்.

வயசுதான் காரணமா?

"வயசாச்சு, உடம்பு அப்படித்தான்" என்பது முழு உண்மை இல்லை. 29 நாடுகளில் 6 ஆயிரத்து 400-க்கும் அதிகமானோரின் கணக்கை வைத்து 2021-ல் வெளியான ஆய்வில், 20 முதல் 60 வயது வரை உடம்பு சக்தியை செலவழிக்கும் வேகம் பெரிதாக குறையவில்லை என்று தெரிந்தது.

மாறுவது வேறு. மாதவிடாய் நிற்கும் காலத்தையொட்டி உடம்பில் கொழுப்பு சேரும் வேகம் கூடுகிறது, தசை கரைகிறது. கொழுப்பு இடுப்பை விட்டு வயிற்றுக்கு வருகிறது. அதனால்தான் தராசில் பெரிய மாற்றம் இல்லாவிட்டாலும் ஜாக்கெட் இறுக்குகிறது.

ஒரு டீ, ஒரு பழம்பொரி

அரை மணி நேரம் நடந்தால் சுமார் 100 முதல் 150 கலோரி செலவாகும். வீடு திரும்பும் வழியில் சர்க்கரை போட்ட டீயும் ஒரு பழம்பொரியும் சாப்பிட்டால் நடந்த கணக்கு அங்கேயே தீர்ந்து விடும்.

அமெரிக்காவில் சராசரி வயது 54 உள்ள 34 ஆயிரம் பெண்களை 13 ஆண்டு கவனித்து 2010-ல் வெளியான ஆய்வும் இதைத்தான் காட்டுகிறது. உணவில் மாற்றம் செய்யாமல், எடை கூடாமல் பார்த்துக்கொண்டவர்கள் தினமும் சுமார் ஒரு மணி நேர உடற்பயிற்சி செய்தவர்கள். அதுவும் ஏற்கெனவே சரியான எடையில் இருந்தவர்களுக்குத்தான் பலன் தெரிந்தது. எடை கூடியவர்கள் நடப்பதோடு சாப்பாட்டு அளவையும் குறைக்க வேண்டும். சோறும், மரச்சீனி கிழங்கும் ஒரே தட்டில் வேண்டாம். மீன் குழம்பில் மீன் கூடட்டும், தேங்காய் குறையட்டும்.

வீட்டு வேலை போதாதா?

அண்டி ஆபீஸ் என்று ஊரில் சொல்லும் முந்திரி ஆலைகளில் பெண்கள் நாள் முழுக்க ஒரே இடத்தில் வேலை பார்க்கிறார்கள். வீட்டுக்கு வந்தால் அடுப்படி. உடம்பு அசந்து போகும், ஆனால் இதயம் வேகமாக துடிக்கும் அளவுக்கு வேலை கிடைக்காது. அசதி வேறு, உடற்பயிற்சி வேறு.

வாரம் 150 முதல் 300 நிமிடம் வேகநடை, 2 நாளாவது தசைக்கு பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன அளவு. பேச முடியணும், பாட முடியக்கூடாது - அதுதான் சரியான வேகம். நாற்காலியில் கை ஊன்றாமல் 10 தடவை உட்கார்ந்து எழுவது, சுவரில் கை வைத்து தள்ளுவது, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை தூக்கி இறக்குவது எல்லாமே தசைப்பயிற்சிதான். மழை நாளில் வீட்டுக்குள்ளேயே செய்யலாம்.

தராசை மட்டும் நம்பாமல் டேப் எடுத்து வயிற்றையும் அளந்து பாருங்கள். பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டினால் உஷாராக வேண்டும். மூட்டு வலி, நெஞ்சு வலி, மூச்சு வாங்குதல் இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்டு தொடங்குவது நல்லது. திடீரென எடை கூடினால் தைராய்டு பரிசோதனையும் அவசியம்.

எடை குறையாவிட்டாலும் நடப்பவர்களுக்கு சர்க்கரை, ரத்த அழுத்தம் கட்டுக்குள் வர உதவும், எலும்புக்கும் பலம். தராசு முள் நகரவில்லை என்று நடையை நிறுத்தினால் நஷ்டம் நமக்குத்தான்.