விண்மீனை நிறுக்கும் தராசு

மழைக்குப் பேர்போன எமது நாவலப்பிட்டியிலே வானம் வெளித்திருக்கும் இரவுகள் சிலவே. அத்தகைய ஏப்பிரில் முன்னிரவொன்றில் மலைகள் மறையாத இடத்தில் நின்று நோக்குவோமாயின், தென்மேற்கில் அகத்திய விண்மீனும் தென்கிழக்கில் தென்சிலுவையும் தோன்றும். இவற்றின் இடையே, வெறுங்கண்ணுக்குப் புலனாகாத இரட்டை மீனொன்று உளது. டபிள்யூ. ஆர். 20ஏ என்பது அதன் பெயர்.

விண்மீனின் வாழ்வும் முடிவும் பெரிதும் அதன் திணிவைப் பொறுத்தன. எமது ஞாயிறு ஆயிரங்கோடி ஆண்டு வாழவல்லது. பெருந்திணிவுடைய மீனோ சில பத்திலட்சம் ஆண்டுகளிலே மாய்கின்றது. ஆயின், எட்டாத் தொலைவிலுள்ள மீனை எங்ஙனம் நிறுப்பது? ஒளியைக்கொண்டு மதிப்பிடுவது ஏமாற்றவுங் கூடும். பெரிய மகெல்லன் முகிலிலுள்ள ஆர். 136ஏ என்னும் ஒளிப்பொருளை, ஞாயிற்றின் திணிவைப்போல் ஈராயிரம் மடங்கிற்கு மேற்பட்ட தனிமீன் என 1980களின் தொடக்கத்தில் அறிஞர் சிலர் கருதினர். அது பல மீன்கள் நெருங்கிய கூட்டமென்பது 1985இல் தெளிவாயிற்று.

உண்மைத் தராசு இரட்டை மீன்களிடத்தே உளது. ஒன்றையொன்று சுற்றும்போது எம்மை நோக்கி வரும் மீனின் நிறமாலைக் கோடுகள் நீலப்பக்கமும், விலகுவதன் கோடுகள் செம்பக்கமும் நகரும். அந்நகர்வு வேகத்தைத் தரும். வேகமும் சுற்றுக்காலமும் பாதையின் அளவைத் தரும். அதிலிருந்து நியூற்றனின் ஈர்ப்பு விதி திணிவைத் தரும்.

எனினும் ஓர் இடர்ப்பாடு உண்டு. பாதை சாய்ந்திருப்பின் வேகத்தின் ஒரு பகுதியே எமக்குப் புலனாகும். ஆகவே கிடைப்பது குறைந்தபட்சத் திணிவே. இவ்விடர் தீர்ப்பது கிரகணம். ஒரு மீன் மற்றதை மறைக்குமெனின், அப்பாதையை நாம் ஏறக்குறைய விளிம்புப் பக்கமாகவே நோக்குகிறோம். ஒளி குறைந்து கூடும் போக்கை அளந்தால் சாய்வு துல்லியமாகும். அல்கோல் என்னும் மீன் ஏறக்குறைய 2 நாள் 21 மணிக்கொருமுறை மங்குவதைக் கண்டு, அதற்கு இத்தகைய மறைப்பே காரணமாகலாம் என 1783இல் உரைத்தவர், செவிப்புலனற்ற 18 வயது இளைஞரான ஜோன் கூட்றிக் என்பவர்.

டபிள்யூ. ஆர். 20ஏயின் மீன்கள் 3 நாளும் ஏறக்குறைய 16½ மணியுங் கொண்டு ஒருமுறை சுற்றுவன. 2004இல் நிறமாலை ஆய்வு, ஒவ்வொன்றும் ஞாயிற்றைப்போல் குறைந்தது ஏறக்குறைய 70 மடங்கென்றது. அவ்வாண்டிலேயே சிலி நாட்டிலிருந்து கிரகணம் நோக்கப்பட்டது. சாய்வு 74½ பாகையெனத் துணியப்பட்டது. திணிவுகள் 83, 82 மடங்கென அமைந்தன. பிழைக்கு இடம் 5 மடங்கே.

அதே வான்பகுதியில் என். ஜி. சி. 3603 கூட்டத்திலுள்ள மற்றோர் இரட்டை, 2008இல் 116, 89 மடங்கென அளக்கப்பட்டது. ஆயின் முன்னதன் அளவு 31 மடங்குவரை கூடவோ குறையவோ இடமுண்டு. விண்மீன் எத்துணைப் பெரிதாகலாம் என்னும் வினா இன்னும் முற்றத் தீர்ந்திலது.

தனித்த மீனின் திணிவை நாம் உய்த்துணர்கிறோம். துணையோடு சுழல்வதையே நிறுத்தறிகிறோம். அந்நிறுவைக்கு வேண்டிய விதியோ, எமது கல்லூரிப் பௌதிக வகுப்பில் நாம் மனனஞ்செய்த அதே விதியன்றோ!