முதுகில் ஆபரேஷன்... ரோபோ செய்தால் நல்லதா?

"அம்மாவுக்கு முதுகுல ஆபரேஷன் பண்ணணும்னு சொல்லிட்டாங்க. சாதாரணமாப் பண்ணினா ஒரு ரேட்டு, ரோபோ வச்சுப் பண்ணினா இன்னொரு ரேட்டு. நகையை அடகு வச்சாவது ரோபோவுக்கே போயிடலாமா? இல்லே, மெஷினை நம்பி எப்படி அம்மாவைப் படுக்க வைக்கிறது?"

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டில் எல்லோரும் கூடி உட்கார்ந்து பேசுகிற பேச்சு இது. ஒரு பக்கம் கடன் பயம். இன்னொரு பக்கம், 'காசைப் பார்த்துட்டு நல்ல வைத்தியத்தை விட்டுட்டோமோ' என்ற உறுத்தல். நடுவில், வலியோடு சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் அம்மா!

முடிவெடுப்பதற்கு முன்னால், இந்த ரோபோ என்னதான் செய்கிறது, எதைச் செய்யாது என்று தெரிந்துகொள்ளலாமே...

ஸ்க்ரூ போகும் பாதை

நம் முதுகெலும்பு ஒரே எலும்பு அல்ல. கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5 என்று மொத்தம் 24 முள்ளெலும்புகள் அடுக்கி வைத்தது போல இருக்கின்றன. அதற்குக் கீழே ஒன்றாக ஒட்டிப்போன எலும்புகள். எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருப்பதுதான் டிஸ்க். நாம் 'ஜவ்வு' என்கிறோமே, அது! இந்த அடுக்கின் பின்பக்கத்தில் உள்ள குழாய் போன்ற பாதையில்தான் தண்டுவடமும் நரம்புகளும் இறங்குகின்றன.

ஓர் எலும்பு இன்னொன்றின் மேல் நழுவிவிட்டாலோ, விபத்தில் நொறுங்கிப்போனாலோ, முதுகு பக்கவாட்டில் வளைந்துவிட்டாலோ, எலும்புகளை அசையாமல் பிடித்து நிறுத்த வேண்டிவரும். அதற்காகத்தான் ஸ்க்ரூவும் கம்பியும் வைக்கிறார்கள்.

ஒவ்வொரு முள்ளெலும்பிலும் முன்பகுதியையும் பின்பகுதியையும் இணைக்கும் சின்ன எலும்புப் பாலங்கள், இடது வலதாக இரண்டு இருக்கும். 'பெடிக்கிள்' என்று பெயர். ஸ்க்ரூ இதன் வழியாகத்தான் போக வேண்டும். பிரான்ஸ் நாட்டு டாக்டர் ராய்-கமீல் 1960-களில் கையாண்டு பிரபலமாக்கிய வழி இது.

பாலமோ ரொம்பக் குறுகல். மார்புப் பகுதியில் சில இடங்களில் 5 மில்லிமீட்டர் அகலம்கூட இருக்காது. உள்பக்கம் தவறினால் நரம்பு. வெளிப்பக்கம் தவறினால் ரத்தக் குழாய்! உள்ளே கரண்ட் ஒயர் ஓடுகிற சுவரில் ட்ரில் போடுவதை நினைத்துக்கொள்ளுங்களேன்.

கையே கண்ணாக...

வழக்கமான முறையில் டாக்டர் தசையை விலக்கி, எலும்பின் மேடு பள்ளங்களை அடையாளம் வைத்துத் துளை போடுவார். மெல்லிய கம்பி ஒன்றை உள்ளே விட்டு, நாலு பக்கமும் அடியிலும் எலும்பு இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார். எங்காவது 'பொதக்'கென்று போனால், வழி தவறிவிட்டது என்று அர்த்தம். நடுநடுவே எக்ஸ்ரே கருவியில் சரிபார்ப்பார்.

வருஷக்கணக்கான அனுபவம் பேசுகிற வேலை இது. அனுபவமுள்ள கைகளில் பெரும்பாலான ஸ்க்ரூக்கள் சரியாகவே போய் உட்காருகின்றன.

ரோபோவின் பங்கு என்ன?

ரோபோ என்றதும் சினிமாவில் வருகிற இரும்பு மனிதன் கத்தியோடு நிற்பான் என்று பயப்பட வேண்டாம். டாக்டர் ஸ்கேன் படத்தைக் கம்ப்யூட்டரில் வைத்து, எந்த எலும்பில், எந்தக் கோணத்தில், எவ்வளவு நீள ஸ்க்ரூ என்று முதலில் திட்டம் போடுகிறார். நோயாளியின் உடம்பையும் அந்தப் படத்தையும் கம்ப்யூட்டர் பொருத்திப் பார்க்கிறது. பிறகு ரோபோவின் கை அந்தக் கோணத்தில் போய் ஆடாமல் அசையாமல் நிற்கிறது. அதன் நுனியில் இருக்கும் குழாய் வழியாகத் துளை போடுவதும், ஸ்க்ரூவை முடுக்குவதும் பொதுவாக டாக்டர்தான்! தையல்காரருக்கு சாக்பீஸ் கோடு எப்படியோ, சர்ஜனுக்கு ரோபோ அப்படி.

இஸ்ரேலில் உருவாகி, 2004-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதுகெலும்பு ரோபோவின் பெயரே 'ஸ்பைன் அசிஸ்ட்'. அதாவது, முதுகெலும்பு உதவியாளர்!

போட்டி வைத்துப் பார்த்தார்கள்

எது துல்லியம்? நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஆபரேஷன் செய்து பார்த்திருக்கிறார்கள்.

2012-ல் வெளியான ஜெர்மன் ஆராய்ச்சியில் 60 நோயாளிகள். டாக்டர்கள் கையால் வைத்த ஸ்க்ரூக்களில் 93 சதவீதம் நல்ல இடத்தில் இருந்தன. ரோபோ உதவியோடு வைத்தவற்றில் 85 சதவீதம்தான்! ஸ்க்ரூ வைக்க ஆன நேரமும் ரோபோவுக்கே அதிகம்: கையால் 84 நிமிஷம், ரோபோவோடு 95 நிமிஷம். 10 ஸ்க்ரூக்களுக்கு ரோபோவை நிறுத்திவிட்டு டாக்டர்கள் கைமுறைக்கே மாற வேண்டியிருந்தது.

'அப்போ ரோபோ வேஸ்ட்டா?' என்று கேட்டுவிடாதீர்கள். 2019-ல் பீஜிங் நகரத்து ஆராய்ச்சி வெளியானது. 234 நோயாளிகள், வேறொரு ரோபோ. எலும்பைத் துளிகூட மீறாமல் உட்கார்ந்த ஸ்க்ரூக்கள் ரோபோ பக்கம் 95.3 சதவீதம், வழக்கமான முறையில் 86.1 சதவீதம். இங்கே ஜெயித்தது ரோபோ!

ஏன் இந்த வித்தியாசம்? கருவி வேறு, அதை நோயாளியின் உடம்போடு இணைக்கும் விதம் வேறு, பழகிய கைகளும் வேறு. சரிவான எலும்பில் ட்ரில் நுனி வழுக்கினாலோ, மயக்கத்தில் இருப்பவரின் உடம்பு சற்று நகர்ந்து படத்தோடு பொருந்தாமல் போனாலோ, ரோபோ காட்டும் வழியும் தவறிவிடும். அதைக் கண்டுபிடித்து, 'நிறுத்து, நான் பார்த்துக்கறேன்' என்று சொல்லத் தெரிந்த டாக்டர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இன்னொன்றும் கவனியுங்கள். இதெல்லாம் ஸ்கேனில் பார்த்துப் போட்ட மார்க். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விலகிய ஸ்க்ரூக்கள் பலவும் நோயாளிக்கு எந்தத் தொந்தரவும் தருவதில்லை. வலி குறைவதிலும், எழுந்து நடமாடுவதிலும் ரோபோ முறை பெரிதாக முந்தி நிற்கிறது என்று இன்னும் உறுதியாகக் காட்டப்படவில்லை.

யாருக்கு உதவும்?

முதுகு மிகவும் வளைந்தவர்கள், ஏற்கெனவே ஆபரேஷன் ஆகி எலும்பின் அடையாளங்கள் மாறிப்போனவர்கள், சின்னத் துளைகள் வழியாகவே பல ஸ்க்ரூக்கள் வைக்க வேண்டியவர்கள்... இவர்களுக்கு ரோபோவின் வழிகாட்டல் கை கொடுக்கும். 

ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது, அந்தத் துண்டை மட்டும் எடுத்தால் போதும் என்றால், வழக்கமாக ஸ்க்ரூவே தேவைப்படாது. ஸ்க்ரூ இல்லாத இடத்தில் ஸ்க்ரூவுக்கு வழிகாட்டும் ரோபோ எதற்கு? அதோடு, ஜவ்வு பிதுங்கிக் காலில் இறங்கும் வலி, நிறையப் பேருக்கு மருந்து, பயிற்சி, நடமாட்டம் என்று சில வாரங்களிலேயே ஆபரேஷன் இல்லாமல் அடங்கிவிடுகிறது.

ஆனால் பாதத்தைத் தூக்க முடியாமல் போவது, சிறுநீர் கழிக்க முடியாமல் அல்லது அடக்க முடியாமல் போவது, உட்காரும் இடம் மரத்துப்போவது... இதில் எது வந்தாலும் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. ரோபோ இருக்கிற ஆஸ்பத்திரியைத் தேடி அலையவும் கூடாது. உடனே கிடைக்கிற நல்ல சர்ஜன்தான் அப்போது முக்கியம்!

டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்

* "டாக்டர், அம்மாவுக்கு ஆபரேஷன் கட்டாயம் தேவையா? இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கலாமா?"

* "ஸ்க்ரூ வைக்கணுமா? எதுக்காக?"

* "அம்மாவோட முதுகுக்கு ரோபோவால தனியா என்ன லாபம்?"

* "இந்த ஆபரேஷனை நீங்க எத்தனை தடவை பண்ணியிருக்கீங்க? இந்த ரோபோவோட எத்தனை தடவை?"

* "நடுவுல ரோபோ ஒத்துழைக்கலைன்னா என்ன செய்வீங்க?"

* "ரோபோவுக்கு எவ்வளவு அதிகம் ஆகும்? இன்ஷூரன்ஸ்ல அது வருமா?"

நல்ல டாக்டர் இந்தக் கேள்விகளுக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். பொறுமையாகப் பதில் சொல்வார். திருப்தி இல்லையென்றால், அவசரமில்லாத ஆபரேஷனுக்கு இன்னொரு டாக்டரின் அபிப்பிராயத்தைக் கேட்பதில் தப்பே இல்லை.

ஸ்க்ரூவை எங்கே வைப்பது என்பதற்குத்தான் ரோபோ உதவும். வைக்கத்தான் வேண்டுமா என்பதை அது சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியவர், அம்மாவை நடக்கச் சொல்லி, காலைத் தூக்கச் சொல்லி, எங்கே வலிக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் டாக்டர். அப்படிப்பட்டவர் கையாலேயே செய்கிறேன் என்றாலும், நகையை அடகு வைக்கவில்லையே என்று நீங்கள் உறுத்திக்கொள்ள வேண்டாம். ரோபோதான் இவருக்கு நல்லது என்று காரணத்தோடு சொன்னால், மெஷின் என்று பயப்படவும் வேண்டாம்.